மடி கொடுக்காத தாய்மாமன்

ஜவ்வாது மலையில் ஒரு தடவைகூடத் தனியாகப் பஸ் ஏறாத மனுஷன் ஒருத்தர் உண்டென்றால் அது எங்க அண்ணன்தான். பார்க்கிறவங்களுக்கு ஒத்தை ஆளாகத்தான் தெரிவார். ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட சட்டை, பாக்கெட்டில் ஒரு டார்ச் லைட், மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டின துண்டு. ஆனால் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவர் படியில் கால் வைத்ததும் கண்டக்டர் உள்ளே பார்த்துக் கத்துவார்.

"ஆயிரம் பேரு ஏறிட்டாரு! வண்டி ஃபுல்லு! ரைட், ரைட்!"

மலை முழுக்க அவருக்குப் பேரே அதுதான். ரேஷன் கார்டில் வேற பேர் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

ஏறினவர் உடனே உட்கார மாட்டார். டிரைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"யாருக்குனா சளி கீதா? இருமல், தும்மல்? வெக்கப்படாம கைய தூக்குங்க."

ஒரு தடவை கடைசி சீட்டிலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

"எனக்கு மூலம் கீது நைனா."

"அது ஒட்டாது பெரீப்பா. நீங்க குந்துங்க. குந்த முடிஞ்சா குந்துங்க."

நடு வழியில் யாராவது தும்மினால் அண்ணன் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஒரு தடவை வேலூர் போய்ச் சேர ஐந்து பஸ் மாறினார். சந்தவாசலில் ஒரு தும்மல், கண்ணமங்கலத்தில் மட்டும் மூன்று தும்மல். அங்கே டீக்கடைக்காரர், "இன்னாண்ணா, இந்த ஊர்லயே சுத்திக்கினு கீற? பொண்ணு கிண்ணு பாத்து வச்சிக்கிறியா?" என்று கேட்டாராம்.

தொழில் மைக் செட். மலையில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்பிளிஃபயர், புகை கக்கும் ஒரு ஜெனரேட்டர் எல்லாவற்றோடும் வந்து இறங்குவார். பாட்டுப் போடத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பாட்டுக்கு நடுவில் அண்ணன் பேசுவார். அங்கேதான் பிரச்சினை.

"மேடைக்கு வர்றவங்க மூக்க சிந்திட்டு வரவும். மாப்ள தும்மாம தாலி கட்டவும். பொண்ணோட சித்தப்பா, ஆமாங்க, நீலச் சட்டை, உங்களத்தான். நானும் பாத்துக்கினேதான் கீறேன், இதோட மூணு தபா இருமிட்டீங்க. புளியமரத்தாண்ட போயி குந்துங்க."

அந்தச் சித்தப்பா சாப்பாட்டையும் புளியமரத்தடியில்தான் சாப்பிட்டார். இலை அங்கேயே போனது. பாயசமும் போனது. பாயசம் எடுத்துக்கொண்டு போன பையனையும் அண்ணன் திரும்பக் கை கழுவ வைத்தார்.

இதெல்லாம் பைத்தியம் என்று மலையில் பாதிப் பேர் நினைத்தார்கள். மீதிப் பாதிக்குச் சந்தேகமே இல்லை.

விஷயம் வேற. சின்ன வயசிலிருந்தே அண்ணனுக்குக் காதில் சீழ் வடியும். எங்க வீட்டில் தலையணைக்கு வாங்கின பஞ்சைவிட அவர் காதுக்கு வாங்கின பஞ்சு அதிகம். காது நின்றால் நெஞ்சுச் சளி, நெஞ்சு நின்றால் காய்ச்சல். இருபத்திரண்டு வயசில் நாலாவது தடவையாக நிமோனியா வந்து, மலையிலிருந்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான் அப்போதுதான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தேன். அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லை. துணைக்கு நான்தான். அங்கே கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா அண்ணன் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"டான்சில் ஆபரேஷன் எப்ப பண்ணீங்க?"

"பண்ணவே இல்லைங்கம்மா."

"அப்ப ரெண்டு டான்சிலும் எங்க?"

அண்ணன் பயந்துவிட்டார். "நான் எடுக்கலைங்கம்மா. சத்தியமா."

அதற்கப்புறம் ரத்தம் எடுத்தார்கள், எங்கேயோ அனுப்பினார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு நாள் டாக்டரம்மா ஒரு பழைய சீட்டின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார். எலும்புக்குள் பி செல் என்று சின்னச் சின்ன செல்கள் பிறக்குமாம். அவை வளர்ந்து பெரிசானால்தான் கிருமியை எதிர்க்கிற சக்தியை நம்ம ரத்தமே தயார் பண்ணுமாம். 'வளரு' என்று செல்லுக்கு வெளியிலிருந்து ஒரு சேதி வரும். அதை வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு புரதம் இருக்கிறது. அதன் பேர் பி.டி.கே. அந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும் என்று எழுதி வைத்திருக்கிற ஜீனுக்கும் அதே பேர்தான். அண்ணனுக்கு அந்த ஜீனில் ஒரு சின்னப் பிழை. அதனால் புரதம் இல்லை. சேதி உள்ளே போகவில்லை. செல் எல்லாம் குழந்தையாகவே நின்றுவிட்டது. டான்சிலும் அந்தச் செல்கள் வந்து குடியிருக்கிற இடம்தானாம். குடி வர ஆளில்லை, அதனால் வீடும் இல்லை.

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதாவதுங்கம்மா, டவர் கீது, போனும் கீது. சிக்னல் இல்ல."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "எந்த ஊர் நீங்க?"

"ஜவ்வாது மலைங்கம்மா."

"அதான்."

எங்க மலையில் போன் பேச ஒரு பாறை மேல் ஏறி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கணும். அதனால் இந்த வியாதியை மலையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல அண்ணனுக்குக் கஷ்டமே இருந்ததில்லை. ஜீன், புரதம் இரண்டுக்கும் ஒரே பேர் என்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே பேரு வச்சா, கூப்பிட்டா எவன் வருவான்? அத்தொட்டுதான் எவனும் வரல" என்பார்.

இதற்கு மருந்து மாசா மாசம் ஒரு பாட்டில். கையில் ஊசி குத்தி நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ரத்த தானம் பண்ணுகிற ஜனங்களிடமிருந்து எடுத்த எதிர்ப்பு சக்தி அது. "ஒரு பாட்டில்ல ஆயிரக்கணக்கான பேரோடது கலந்திருக்கும்" என்று டாக்டரம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் சொன்ன எதுவும் அண்ணன் காதில் ஏறவில்லை.

"ஆயிரம் பேரா? எனக்குள்ளயா? அவுங்க சோத்துக்கு இன்னாங்கம்மா பண்றது?"

அன்றைக்கு ஆரம்பித்தது. பாட்டில் தொங்கவிட்டு முதல் சொட்டு இறங்கினதும் அண்ணன் இன்னொரு கையை மாரில் வைத்து, கல்யாண வாசலில் நிற்கிற பெண்ணுடைய அப்பா மாதிரி வரவேற்பார்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. நடு வூட்ல குந்துங்க. இடம் கொஞ்சம் சின்னதுதான், பாத்து நவுந்துக்குங்க."

நர்சம்மாவால் சிரிப்பை அடக்க முடியாது. பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்ப்பார்.

மலைக்குத் திரும்பினதும் ஆராய்ச்சி தொடங்கும். இந்த மாசம் உள்ளே வந்திருப்பது யார்? எங்க அண்ணன் சாமைச் சோறும் காரக் குழம்பும் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர். ஒரு மாசம் பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்ததும் டீயில் ஆறு ஸ்பூன் சர்க்கரை போட்டார்.

"நான் இன்னா பண்றது பாப்பா? உள்ள எவனோ ஸ்வீட் கடைக்காரன் வந்து குந்திக்கினு கீறான்."

இன்னொரு மாசம் ஆட்டுக்குப் பயந்தார். ஆட்டுப் பட்டியிலேயே வளர்ந்தவர்! வெள்ளாடு ஒன்று முறைத்துப் பார்த்தது என்று அரண்டுபோய் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். "டவுன்காரன் எவனோ ஒருத்தன் வந்துட்டான். பாவம், அவன் ஆட்ட பிரியாணிலதான் பாத்துருப்பான்." கரண்ட் ஆபீசில் சண்டை போட்டுவிட்டு வந்த மாசம் உள்ளே வக்கீல். ஆற்றில் இறங்கி அரை மணி நேரம் குளித்த மாசம், தண்ணி கஷ்டம் பட்ட ஊர்க்காரர்.

எங்க வீட்டு ஓடு உடைந்து மழை ஒழுகியது. இரண்டு மாசமாக அண்ணன் ஏறிப் பார்க்கவில்லை. கேட்டால், "இந்த தபா வந்தவங்க எல்லாம் சோம்பேறிங்க பாப்பா, நான் இன்னா பண்ணட்டும்" என்றார்.

"அப்படின்னா அடுத்த மாசம் ஒரு கொத்தனாரா பாத்து ஏத்திக்கினு வாண்ணா" என்றேன்.

உண்மையிலேயே நர்சம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். கொத்தனார் ஸ்டாக் இல்லை என்று அந்த அம்மாவும் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார், ரத்தம் கொடுத்தவங்க குணமெல்லாம் வராது, எதிர்ப்பு சக்தி மட்டும்தான் வரும் என்று. அங்கே "சரிங்கம்மா" என்று தலையாட்டுவார். பஸ்ஸில் ஏறினதும் என்னிடம் சொல்வார். "டாக்டரம்மாவுக்கு இன்னா தெரியும்? அவுங்க உடம்புல அவுங்க ஒருத்தர்தான கீறாங்க."

ஒரு ஊர்த் திருவிழாவில், மைக் செட்டை எங்கே வைப்பது என்று தகராறு. வெள்ளை வேட்டிக்காரர் ஒருத்தர், "நீ எந்த வகையறாடா?" என்று மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "இந்த மாசத்துக்கு கேக்குறீங்களா, போன மாசத்துக்கா?"

அந்த ஆள் திறந்த வாயை மூடவில்லை. அண்ணன் விடுவாரா? டார்ச் லைட்டை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தார். "டான்சிலு நல்லா கீதுங்க. குடுத்து வச்சவரு."

அந்த டார்ச் லைட் சும்மா இல்லை. எங்க அம்மாவுக்கு இரண்டு தம்பிகள் பிறந்து, நடக்கிற வயசுக்கு முன்னாடியே காய்ச்சலில் போய்விட்டார்கள். காத்து கருப்பு என்றார்கள். டாக்டரம்மா அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, காத்தும் இல்லை கருப்பும் இல்லை, இதே ஜீன்தான் என்றார். இது பெண்கள் வழியாக வரும், அவர்களை ஒன்றும் பண்ணாது, அவர்களுக்குப் பிறக்கிற ஆண் பிள்ளை மேல் இறங்கும், எல்லாப் பிள்ளை மேலும் இல்லை, பாதிக்குப் பாதி என்றார். அன்றைக்கு மலைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பஸ்ஸில் ஒருத்தர் தும்மினார். அண்ணன் இறங்கக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரமே பாக்கெட்டில் டார்ச் வந்துவிட்டது. அம்மா வழிச் சொந்தத்தில் எந்த ஆண் குழந்தையைப் பார்த்தாலும், "ஆ காட்டு" என்பார். சந்தை நாளில் அவர் வருகிறதைப் பார்த்தாலே பசங்க வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

எனக்குப் பையன் பிறந்தான்.

பிறந்த அன்றைக்கே அண்ணன் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். என் மாமியார் விடவில்லை. "பச்ச புள்ளைய குத்தி ரத்தம் எடுக்கறதா? கொழுகொழுன்னு கீறான், கண்ணு வைக்காத தம்பி" என்றார். அண்ணன் மாசம் ஒரு தடவை கேட்பார். நான் மாசம் ஒரு தடவை "அடுத்த மாசம்ணா" என்பேன். மாமியார் மேல் பழி போட்டு எழுதிவிடலாம். ஆனால் பயந்தது நான்தான். பார்க்காத வரைக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம் இல்லையா? ஏழாவது மாசம் பிள்ளைக்குக் காதில் சீழ் வந்தது. பஞ்சு வைத்துத் துடைத்தேன். எட்டாவது மாசம் மறுபடியும் வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாசம் காதுகுத்து வைத்தார்கள்.

எங்க பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரணும். ஆசாரி, தோடு, மாலை எல்லாம் இருந்தாலும் மாமன் மடி இல்லாவிட்டால் ஊசி எடுக்க மாட்டார்கள். அண்ணன் சீர்த் தட்டோடும், ஒரு ஆட்டுக் கிடாவோடும், மைக் செட்டோடும் வந்து இறங்கினார். புதுச் சட்டை. வாசலில் குழாயைக் கட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், சிக்னல் போவுதா?" என்று கேட்டார். பந்தல் நிறைய ஜனம். ஒரு பக்கம் பிரியாணி வாசனை. சந்தவாசலிலிருந்து வந்த ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அண்ணன் கையை நீட்டினார். நீட்டின கை அப்படியே நின்றது.

பிள்ளையின் வலது காதில் நான் எடுக்க மறந்த பஞ்சு.

டார்ச் வெளியே வந்தது. பிள்ளை அழுவதற்காக வாயைத் திறந்தான். அண்ணன் உள்ளே அடித்துப் பார்த்தார். அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு டான்சில் சரியாகத் தெரியாது என்று டாக்டரம்மா அவருக்கே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் லைட்டை அணைத்துவிட்டு, பாயில் உட்காராமல் நேராக ஆம்பிளிஃபயரிடம் போனார்.

"வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு வணக்கம். தாய்மாமன் பேசறேன். இன்னிக்கி நான் மடி குடுக்க மாட்டேன்."

குழாய் அந்தப் பக்க மலையைப் பார்த்து இருந்தது. 'குடுக்க மாட்டேன்' என்று மலையும் ஒரு தடவை சொன்னது.

மாமியார் தட்டைக் கீழே வைத்தார். "இன்னா தம்பி, உனக்கு வைக்கற எதிர்சீர்ல இன்னா கொற வச்சிட்டோம்? வாச்சிதான? மோதிரமா?"

"ஒண்ணும் கொறையில்ல அத்த. புள்ளைக்கி ரத்தம் டெஸ்ட் எடுங்க. அப்பால மடி தர்றேன்." இதையும் மைக்கில்தான் சொன்னார்.

"மைக்க வச்சிட்டு பேசு தம்பி, மானம் போவுது!"

"சிக்னல் எல்லாருக்கும் போவணும் அத்த."

அப்புறம் பந்தல் முழுக்கக் கேட்க பி.டி.கே. பாடம் நடந்தது. எலும்புக்குள்ளே பி செல்லு, டவரு, போனு, எல்லாம். ஆசாரி கம்பியைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து கேட்டார். பிரியாணி தம் போட்டவர் கேட்டுக்கொண்டே அடிப்பிடிக்க விட்டார். மாமியார் மட்டும் அசரவில்லை. "ஊர்ல இவன் ஒருத்தன்தான் மாமனா?" என்று எங்க சித்தப்பா மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பாயில் உட்கார வைத்தார். அவனும் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு, சம்மணம் போட்டு, மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு தடவை செருமினான்.

"அவனுக்கு சளி!" என்றது குழாய்.

ஜனம் மொத்தமும் இரண்டடி பின்னால் போனது. பழக்கம். அத்தனை வருஷம் அண்ணன் மைக் செட்டில் பழகின ஜனம். சித்தப்பா மகன் மாலையோடு எழுந்து, யாரும் சொல்லாமலே புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தான்.

மாமியார் அண்ணனைப் பிடிபிடி என்று பிடித்தார். எங்க வம்சம், எங்க அம்மா, எங்க மைக் செட் எதையும் விடவில்லை. அண்ணன் மைக்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கு இருவத்திரெண்டு வயசுல கண்டுபிடிச்சாங்க பாப்பா. அதுக்குள்ள நெஞ்சு பாதி அழுவிப் போச்சு. இவனுக்கு ஒம்போது மாசம்தான் ஆவுது."

அன்றைக்கு வந்த ஜனம் அடிப்பிடித்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் போனது. காது குத்தாத காதுகுத்து எங்க மலையில் அது ஒன்றுதான். மொய் வைக்கலாமா வேண்டாமா என்று குழம்பி, சிலர் பாதி வைத்தார்கள்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். அவர் அதிகம் பேசாத மனுஷன். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு, "எங்கடா?" என்றார்.

"மச்சான் மடி தர மாட்டேன்றாரு. நான் இன்னாம்மா பண்ணட்டும், வேலூருக்குத்தான் போவணும்" என்றார்.

பஸ்ஸில் எங்களுக்கு முன்னாடியே அண்ணன் ஏறி, எல்லாரையும் இருமல் விசாரித்து முடித்து, மூன்று சீட்டுப் பிடித்து வைத்திருந்தார்.

பிள்ளைக்கும் அதேதான். பி.டி.கே. இல்லை.

டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நுரையீரல் சுத்தமா இருக்கு. நல்ல நேரத்துல கொண்டுவந்துட்டீங்க. மாசா மாசம் விடாம பாட்டில் ஏத்தணும், அவ்ளோதான். ஸ்கூல் போவான், விளையாடுவான்."

"எனக்கு ஆன மாதிரி ஆவாதுங்களா?"

"ஆகாம பாத்துக்கலாம்."

அண்ணன் டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் அந்த ரூமில் இருந்த நாற்காலிக்கும் போட்டார். நான் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். நான்தானே கொடுத்தேன்? என் உடம்பிலிருந்துதானே அவனுக்குப் போனது? அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் துண்டை அவிழ்த்து என் மூக்கைத் துடைத்தார். எதைத் தொட்டாலும் சோப்பு போட்டுக் கழுவுகிற மனுஷன்.

"நீ எங்க குடுத்த? அம்மா உங்கிட்ட குடுத்துச்சி. அம்மாகிட்ட யாரு குடுத்தாங்களோ. கெட்ட சேதி வந்தா போஸ்ட்மேன போயி அடிப்பாங்களா? மூக்க சிந்து. சளி மாதிரி கீது, எனக்கு பயமா கீது."

அதற்கப்புறம் இரண்டு வருஷம், மாமனும் மருமகனும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. முதல் சொட்டு இறங்கினதும் இரண்டு பேரும் மாரில் கை வைத்து, "வாங்க, வாங்க" என்பார்கள். பையன் முதலில் பேசின வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "வாங்க"தான். திரும்பி வரும்போது, "மாப்ள, இந்த மாசம் யாருடா வந்துக்கிறாங்க?" என்று அண்ணன் கேட்பார். பையன் ஜன்னல் வழியாக எது தெரிகிறதோ அதைச் சொல்வான். "மாடு." "லாரி." அண்ணன் ரொம்ப கவனமாகத் தலையாட்டி, "லாரி டிரைவரா இருக்கும்" என்பார்.

காதும் குத்தினோம். டாக்டரம்மா சரி என்ற பிறகு, அதே ஆசாரி. அண்ணன் அவருக்கு மாஸ்க் போட்டு, கையுறை போட்டு, கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்து, அப்புறம்தான் மடியை விரித்து உட்கார்ந்தார். குத்தும்போது பையன் ஒரு சின்னச் சத்தம்தான் போட்டான். "ஐயோ" என்று குழாயில் மலை முழுக்கக் கேட்டது எங்க அண்ணன் சத்தம். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சுச் சளி வந்தது. போகவில்லை. பாட்டிலில் வருகிற ஆயிரம் பேரும் கிருமியோடு சண்டை போடுவார்கள். ஆனால் முன்னாடியே இடிந்துபோன நெஞ்சைக் கட்டித் தர முடியாது. கொத்தனார் அதில் இல்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி நாள் என்று தெரியாத கடைசி நாளில், பக்கத்துப் படுக்கைக்காரரைக் காட்டி, "அந்தாளு இருமறாரு பாப்பா, பஸ் மாறிக்கலாமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டேனே என்று இப்போது அழுகிறேன். இறந்தார் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

சாவு வீட்டில் மைக் செட் வைக்கணும் என்றார்கள். மலையில் மைக் செட் வைத்திருந்தவர் பாடையில் இருந்தார். என் வீட்டுக்காரர் எந்த ஒயரையோ எதிலேயோ சொருகினார். குழாய் நாய் மாதிரி ஊளையிட்டது. அழுதுகொண்டிருந்த ஜனம் சிரித்தது, நானும்தான். அப்புறம் யாரோ மைக்கை எடுத்தார்கள். பார்த்தால் என் மாமியார். அந்த அம்மா வாழ்க்கையில் மைக் பிடித்தது இல்லை. ஐஸ்கிரீம் மாதிரி பிடித்திருந்தார்.

"வந்தவங்க எல்லாம் கேளுங்க. சளி, இருமல் கீறவங்க புளியமரத்தாண்டயே நில்லுங்க. கிட்ட வராதீங்க. உள்ள குழந்த கீறான்." கொஞ்சம் நிறுத்தினார். "தாய்மாமன் சொல்ல சொன்னாரு."

இரண்டு பேர் எழுந்து புளியமரத்தடிக்குப் போனார்கள்.

இப்போது மாசா மாசம் நானும் பையனும் போகிறோம். அவனுக்கு மூணு வயசு. டிரைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "யாக்குனா சளி கீதா?" என்று கேட்கிறான். கண்டக்டர் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவையிலிருந்து "வண்டி ஃபுல்லு, ரைட்" என்கிறார்.

போன வாரம் பாட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. அண்ணன் கேட்கிற கேள்வியை யாராவது கேட்கணுமே என்று நானே கேட்டேன்.

"இந்த மாசம் யாருடா வந்துக்கிறாங்க?"

ஜன்னலுக்கு வெளியே மாடு நின்றது, லாரி நின்றது. அவன் வெளியே பார்க்கவே இல்லை. மாரில் கை வைத்துக்கொண்டு சொன்னான்.

"மாமா."

அண்ணன் ரத்தத்தில் யாருக்கும் கொடுக்கிறதுக்கு எதுவும் இருந்ததில்லை. எட்டாவது படித்த எனக்கே அது தெரியும். இருந்தாலும் கொஞ்சம் நகர்ந்து, சீட்டில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.